மணம் பார்க்கும் நாள் வேறு, பணம் கொடுக்கும் நாள் வேறு

எலெக்ட்ரானிக் சிட்டியில் மாதத்தின் கடைசி நாள் ஒரு சிறு திருவிழா நாள். ஊதியம் கணக்கில் வரவானதாகக் குறுஞ்செய்தி வந்த பின், அதற்கடுத்த சனி, ஞாயிறு நாள்களில் கடைகளில் கூட்டம் பெருகும். மறுமாதம், கடன் அட்டையின் பட்டியலைக் கையில் ஏந்திச் சிலர் வங்கிக்கு வருவர். "வட்டியே இல்லை என்றுதானே சொன்னார்கள்? இந்த 300 ரூபாய் எங்கிருந்து வந்தது?" என்பது அவர்களின் வினா. என்ன பொருள் வாங்கினீர்கள் என்று நாங்கள் கேட்டால், கைபேசி, குளிர்பதனப் பெட்டி என்னும் வழக்கமான விடைகளுக்கு நடுவே அண்மைக் காலமாக வேறொரு விடையும் வருகிறது. அது வாசனைத் திரவியம்; பேச்சு வழக்கில் சென்ட்.

வாசனைத் திரவியம் வாங்குவதை வீண்செலவு என்று ஒதுக்கும் எண்ணம் நமக்கு இல்லை. சந்தனமும் அகிலும் புனுகும் சவ்வாதும் பூசி வாழ்ந்த மரபு நம்முடையது. 'நாற்றம்' என்னும் சொல்லே பழந்தமிழில் நறுமணத்தைக் குறித்ததுதான். பிற்காலத்தில் அச்சொல்லுக்கு நேர்ந்த கதியை எண்ணினால் சற்று இரக்கமாகவே இருக்கிறது. முதல் ஊதியத்தில் தந்தைக்கு ஒரு நல்ல சென்ட் வாங்கித் தர விரும்பும் இளைஞரின் ஆசை மதிக்கத்தக்கது. ஆனால் 3,000 ரூபாய் செலவழிக்க எண்ணிக் கடைக்குள் நுழைந்தவர், 9,000 ரூபாய்க்குத் தவணை எழுதிக்கொடுத்துவிட்டு வெளியே வருகிறார் என்றால், இடையில் என்ன நடந்தது என்பதை ஆராய வேண்டியுள்ளது. வாங்கிய பொருள் தமக்குப் பிடித்திருக்கிறதா என்பதை அவர் மறுநாள்தான் அறிகிறார் என்பது இன்னும் கவலைக்குரியது.

இங்கேதான் வாசனைத் திரவியம் மற்றப் பொருள்களிலிருந்து வேறுபடுகிறது. குளிர்பதனப் பெட்டியில் மின்சிக்கனத்துக்கான நட்சத்திரக் குறி ஒட்டியிருக்கிறது. சட்டையை அணிந்து கண்ணாடியில் பார்க்கலாம். கைபேசியைக் கையில் எடுத்து இயக்கலாம். சென்ட்டை மட்டும் கடையில் நிற்கும் பத்து நிமிடங்களில் முழுமையாக அறியவே முடியாது. நாம் நுகர்ந்து பார்ப்பது ஒன்று. வீட்டில் நாளெல்லாம் நம்மோடு இருக்கப்போவது வேறொன்று.

மூன்று அடுக்கு மணம்

ஒரு புட்டியில் உள்ளது பெரும்பாலும் எத்தில் ஆல்கஹாலும் அதில் கரைந்த பலவகை மணப்பொருள்களும் ஆகும். தோலில் பட்டவுடன் ஆல்கஹால் சில நொடிகளில் ஆவியாகிவிடும். அதன்பின் மணப்பொருள்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்புகின்றன. எலுமிச்சை, ஆரஞ்சு போன்றவற்றின் மணம் எளிதில் ஆவியாகும் மூலக்கூறுகளால் ஆனது. கால் மணி நேரம், மிஞ்சினால் அரை மணி நேரத்தில் அது மறைந்துவிடும். இதனை மேல் மணம் என்பர். அடுத்து மல்லிகை, ரோஜா, ஏலம் போன்ற நடு மணம் சில மணி நேரம் நிற்கும். சந்தனம், வெட்டிவேர், சாம்பிராணி, வெனிலா, கஸ்தூரியை ஒத்த செயற்கை மணங்கள் ஆகியவை அடி மணமாக மாலை வரையிலும், துணியில் மறுநாள் வரையிலும்கூட நிற்கும்.

சந்தனத்தை உவமையாகக் கொண்டால் இது எளிதில் விளங்கும். அதற்கு நாம் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. முதல் உலகப் போரின்போது மைசூர் அரசின் சந்தனக் கட்டைகளை ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்ய இயலாமற்போயிற்று. அந்நாளில், நால்வடி கிருஷ்ணராஜ உடையார் மன்னராகவும் விசுவேசுவரய்யா திவானாகவும் இருந்தபோது, கட்டையை விற்பதற்கு மாறாக எண்ணெயை இங்கேயே வடிக்கும் ஆலை 1916-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அந்த எண்ணெயில் ஒரு துளியைக் கையில் தடவினால் முதல் நிமிடத்தில் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஒரு மணி நேரம் கழித்துத்தான் அதன் முழு மணமும் புலப்படும். எலுமிச்சை இதற்கு நேர்மாறானது. கடையில் நம்மைக் கவருவது எலுமிச்சையின் இயல்புடைய பகுதி. நாம் பணம் கொடுத்து வாங்குவதோ பெரும்பாலும் சந்தனத்தின் இயல்புடைய பகுதி.

அதனால்தான் எத்தகைய சென்ட்டாயினும் மணம் பார்க்கும் நாளும் பணம் கொடுக்கும் நாளும் வேறு வேறாக இருக்க வேண்டும் என்கிறோம். கடையில் நிகழும் எல்லா அழுத்தங்களும், சலுகை, கடைசிப் புட்டி, இன்று மட்டும் என்னும் எல்லாச் சொற்களும், இவ்விரு நாள்களையும் ஒரே மணித்துளிக்குள் அடைத்துவிடும் முயற்சிகளே.

எலெக்ட்ரானிக் சிட்டியில் வசிப்போருக்கு இதில் ஒரு வசதி உண்டு. 1970-களின் இறுதியில் கோனப்பன அக்ரகாரம், தொட்டதோகூரு ஆகிய சிற்றூர்களின் நிலத்தில் கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் இந்தத் தொழில் நகரை அமைத்தபோது, நகரத்துக் கடைவீதி என்பது தொலைவில் இருந்த ஒன்று. 2010-இல் மேம்பாலச் சாலை வந்தது. 2025 ஆகஸ்டில் மெட்ரோவின் மஞ்சள் தடம் வந்தது. ஆர்.வி. ரோடு முதல் பொம்மசந்திரா வரை 19 கிலோமீட்டருக்குச் சற்று மேல், 16 நிலையங்கள். நகரத்தில் உள்ள பெரிய கடையில் மணிக்கட்டில் ஒருமுறை தெளித்துக்கொண்டு, ஒன்றும் வாங்காமல் மெட்ரோவில் ஏறுங்கள். சில்க் போர்டைக் கடக்கும்போது மேல் மணம் விடைபெற்றிருக்கும். எலெக்ட்ரானிக் சிட்டியில் இறங்கும்போது நடு மணம் வந்திருக்கும். இரவு உணவுக்குப் பின் மணிக்கட்டை மீண்டும் முகர்ந்து பாருங்கள். அப்போதும் பிடித்திருந்தால், வீட்டில் உள்ளவர்களுக்குத் தலைவலி வராதிருந்தால், அந்தப் பொருளைப் பற்றி மேற்கொண்டு சிந்திக்கலாம்.

காகிதச் சீட்டில் தெளித்துத் தருவதை மறுக்க வேண்டியதில்லை; பிடிக்காதவற்றைக் கழிக்க அது உதவும். ஆனால் தோலின் வெப்பமும் எண்ணெய்ப் பசையும் வியர்வையும் காகிதத்துக்கு இல்லை. ஒரே நாளில் மூன்றுக்கு மேல் நுகர்ந்தால் மூக்கு சோர்ந்துவிடும். நான்காவதாக வருவது எதுவாயினும் முந்தையவற்றோடு கலந்தே தெரியும். சில கடைகளில் காபிக் கொட்டை நிறைந்த கிண்ணத்தை நீட்டுவார்கள். அதை நுகர்ந்தால் மூக்கு புதுப்பிக்கப்படும் என்பது அழகிய நம்பிக்கை, அவ்வளவுதான். கடைக்கு வெளியே சென்று இரண்டு நிமிடம் நல்ல காற்றைச் சுவாசிப்பது போதுமானது. வெளியே சென்றவர் திரும்பி வராமலும் போகலாம் என்பதால் கடைக்காரர் இதனைப் பரிந்துரைப்பதில்லை.

மேசைக்கு அப்பால் நிற்பவர்

பல்பொருள் அங்காடியின் வாசனைத் திரவியப் பிரிவு பெரும்பாலும் நுழைவாயிலின் அருகிலேயே இருக்கும். அங்கே நம்மை வரவேற்பவர் பல நேரங்களில் அங்காடியின் ஊழியர் அல்லர். குறிப்பிட்ட ஒரு நிறுவனத்தின் பொருளை விற்க அந்நிறுவனத்தால் நியமிக்கப்பட்டவர். எனவே, "எனக்கு எது பொருத்தம்?" என்று அவரிடம் கேட்பது, ஒரு நிறுவனத்தின் காப்பீட்டு முகவரிடம் எந்த நிறுவனத்தின் காப்பீடு சிறந்தது என்று கேட்பதை ஒக்கும். அவர் மீது சினம் கொள்ளத் தேவையில்லை. நாள் முழுதும் நின்றுகொண்டே பணிபுரிபவர்; மாத இலக்கு உடையவர். இலக்கு என்றால் என்ன என்பது வங்கியில் பணிபுரியும் எங்களுக்குத் தெரியாத செய்தியன்று.

அவர் கையாளும் முறைகளை மட்டும் அறிந்துகொண்டால் போதும். கேட்காமலே கையில் தெளிப்பது முதல் முறை. ஒருவர் நமக்கு ஏதோ செய்துவிட்டார், நாம் பதிலுக்கு ஏதேனும் செய்ய வேண்டும் என்னும் நல்ல பண்பு நம்மில் பலருக்கு உண்டு. அந்தப் பண்பின் மீது தெளிக்கப்படுவதே அந்த முதல் துளி. நம் விலை வரம்பைக் கேட்டுவிட்டு, அதைவிட இருமடங்கு விலையுள்ளதை முதலில் காட்டுவது இரண்டாவது முறை. 12,000 ரூபாய்ப் புட்டியை முகர்ந்த பின் 7,000 ரூபாய் என்பது சிக்கனமாகத் தோன்றும். நாம் 3,000 ரூபாயுடன் வந்தோம் என்பது மறந்துபோகும். "இந்த மணம் எல்லோருக்கும் பொருந்தாது மேடம், உங்களுக்குத்தான் எடுப்பாக இருக்கிறது" என்பதை முறை என்று சொல்வதா, வாழ்த்து என்று கொள்வதா? இரண்டுமாகவே கொள்ளலாம். வாழ்த்துக்கு நன்றி சொல்லலாம். விலை கொடுக்க வேண்டியதில்லை.

இவற்றுக்கெல்லாம் விடையாக நீண்ட விவாதம் தேவையில்லை. "தோலில் எப்படி நிற்கிறது என்று பார்த்துவிட்டு நாளை சொல்கிறேன்" என்னும் ஒரே தொடர் போதும். வாசனைத் திரவியத்தை அறிந்தவர்கள் வாங்கும் முறையே அது என்பதால், கடையில் இருப்பவராலும் அதற்கு மறுப்புக் கூற இயலாது. "இது கடைசிப் புட்டி" என்றால், "கிடைக்காவிட்டால் பரவாயில்லை" என்று புன்னகைக்கலாம். ஆலையில் பல்லாயிரக் கணக்கில் தயாராகும் பொருள் அது. அடுத்த வாரம் மீண்டும் வரும்.

இணையத்தில் இதே அழுத்தம் கடிகார வடிவில் வருகிறது. சலுகை முடிய 9 நிமிடம் 40 நொடி என்று ஓடிக்கொண்டிருக்கும் எண்களைக் கண்டிருப்பீர்கள். இத்தகைய பொய்யான அவசரத்தை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், தடைசெய்யப்பட்ட 13 ஏமாற்று உத்திகளுள் ஒன்றாகக் குறிப்பிடுகின்றன. நாம் கேட்காத பொருளைக் கூடையில் சேர்த்துவிடுவதும் அப்பட்டியலில் உண்டு.

கைபேசி எண்ணைச் சொன்னால்தான் விலைச்சீட்டு தர முடியும் என்று சில கடைகளில் கூறுவர். அவ்வாறு வற்புறுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதத்தில் சில்லறை வணிக அமைப்புகளுக்கு அறிவுறுத்தியது. எண்ணைத் தர விருப்பமில்லை என்று சொல்வதில் கூச்சம் தேவையில்லை.

புட்டியின் கணக்கு

இனி நமக்குப் பழக்கமான துறைக்கு வருவோம்.

பெட்டியின் மீது பிரெஞ்சு மொழிப் பெயர்கள் இருக்கும். பர்ஃபம் என்றால் மணப்பொருளின் அளவு ஏறத்தாழ 20 விழுக்காட்டுக்கு மேல். ஓ ட பர்ஃபம் என்றால் 15 முதல் 20. ஓ ட டாய்லெட் என்றால் 5 முதல் 15. கொலோன் என்றால் அதற்கும் கீழ். இவை தொழில் வழக்கில் உள்ள பொது அளவுகளே. சட்டம் வகுத்த எல்லைகள் அல்ல. விலை கூடியது நீண்ட நேரம் நிற்கும் என்று இதை வைத்து முடிவுகட்டிவிட முடியாது. எலுமிச்சையை முதன்மையாகக் கொண்ட ஒரு பர்ஃபத்தை விட, சந்தனத்தை முதன்மையாகக் கொண்ட ஓ ட டாய்லெட் நெடுநேரம் நிற்கக்கூடும். புட்டியின் விலையில் விளம்பரத்துக்கும் கண்ணாடிக்கும் பெட்டிக்கும் கடை வாடகைக்கும் உரிய பங்கு பெரிது. உள்ளே மல்லிகை மணக்கிறது என்பதால் மல்லிகைப் பூ இருக்கிறது என்று பொருளன்று. இக்கால மணப்பொருள்களில் பெரும்பகுதி ஆய்வகத்தில் உருவாக்கப்படுபவை. இது ஏமாற்று வேலையும் அன்று. மணம் நன்றாக இருந்தால் சரி. ஆனால் "உண்மையான பூவிலிருந்து எடுத்தது" என்னும் பேச்சுக்காகக் கூடுதல் விலை தர வேண்டியதில்லை.

அளவைப் பற்றிய கணக்குத்தான் நுட்பமானது. எடுத்துக்காட்டாக, ஒரு சென்ட் 100 மில்லி 8,500 ரூபாய், 30 மில்லி 4,200 ரூபாய் என்று கொள்வோம். பெரியதில் ஒரு மில்லிக்கு 85 ரூபாய். சிறியதில் 140 ரூபாய். "பெரியதுதான் லாபம்" என்று விற்பனையாளர் சொல்வார். வகுத்தல் கணக்கு அவர் பக்கமே இருக்கிறது. எனினும் பெருக்கல் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். ஒருமுறை அழுத்தினால் ஏறக்குறைய மில்லியில் பத்தில் ஒரு பங்கு வெளிவரும். நாளுக்கு நான்கு முறை அழுத்துபவருக்கு 0.4 மில்லி செலவாகும். நாள்தோறும் அலுவலகத்துக்குப் பூசிச் செல்பவருக்கு 100 மில்லி 250 நாள் வரும். நாளொன்றுக்கு 34 ரூபாய். இவருக்குப் பெரிய புட்டியே சரி.

திருமணம், பண்டிகை, விருந்து என்று ஆண்டுக்கு 30 நாள் மட்டும் பூசுபவருக்கோ ஆண்டுக்கு 12 மில்லிதான் தேவை. அவருக்குச் சிறிய புட்டியே இரண்டரை ஆண்டு வரும். பெரிய புட்டி எட்டு ஆண்டுக்கு மேல் வரும். ஆனால் திறந்த புட்டியில் மணம் அத்தனை காலம் நிலைத்திருப்பது அரிது. வெப்பமும் வெளிச்சமும் காற்றும் அதனைக் கெடுக்கும். நன்கு பேணினால் மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் எனக் கொள்வது பாதுகாப்பான கணக்கு. ஆகவே மில்லிக்கு 55 ரூபாய் மிச்சப்படுத்தியவர் உண்மையில் 4,300 ரூபாயை அலமாரியில் ஆவியாக விடுகிறார். வாங்கிய அளவுக்கன்றி, பயன்படுத்தும் அளவுக்கு விலையைக் கணக்கிட வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம்.

பரிசுச் சீட்டுகளும் இத்தகையனவே. "10,000 ரூபாய்க்கு வாங்கினால் 2,000 ரூபாய்க்கான சீட்டு" என்றால் 20 விழுக்காடு தள்ளுபடி என்று மனம் உடனே கணக்கிடும். சீட்டின் பின்புறத்தில், அடுத்த முறை 5,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் மட்டுமே செல்லும் என்று எழுதியிருந்தால், 15,000 ரூபாய்ப் பொருளுக்கு நாம் தருவது 13,000 ரூபாய். தள்ளுபடி 13 விழுக்காட்டைச் சற்றே தாண்டும். அதைவிட முதன்மையானது, நமக்குத் தேவையில்லாத 5,000 ரூபாய்ப் பொருள் ஒன்று நடுவில் புகுந்துவிட்டது என்பதுதான்.

அந்த 300 ரூபாய்

தொடக்கத்தில் குறிப்பிட்ட வினாவுக்கு இப்போது விடை கூறலாம். வட்டியில்லாத் தவணை என்று அழைக்கப்படும் திட்டத்தில் 9,000 ரூபாய்ப் பொருளை ஆறு தவணையாக, மாதம் 1,500 ரூபாய் வீதம் செலுத்துவதாகக் கொள்வோம். வட்டி ஆண்டுக்கு 16 விழுக்காடு என்றால், வங்கியின் ஏட்டில் கடன் தொகை ஏறத்தாழ 8,595 ரூபாயாகவும், வட்டி 405 ரூபாயாகவும் பதிவாகும். அந்த 405 ரூபாயைக் கடைக்காரர் அல்லது தயாரிப்பாளர் தள்ளுபடியாகக் கழித்துவிடுவதால் நமக்கு வட்டி இல்லை என்று தோன்றுகிறது. ஆனால் அந்த வட்டித் தொகையின் மீது 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி உண்டு. அது 73 ரூபாய். செயலாக்கக் கட்டணம் 199 ரூபாய் எனில், வரியுடன் சேர்த்து 235 ரூபாய். இரண்டும் சேர்ந்து 308 ரூபாய். வட்டி விகிதமும் கட்டணமும் வங்கிக்கு வங்கி மாறும். கணக்கின் வடிவம் மாறாது.

வட்டியே இல்லாத கடன் என்பது உண்மையில் இல்லை என்று இந்திய ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரில் வங்கிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையிலேயே தெளிவுபடுத்தியுள்ளது. ஆகவே தவணைக்கு ஒப்புக்கொள்ளும் முன் கடையில் கேட்க வேண்டிய வினா ஒன்றே: "முழுத் தொகையையும் இப்போதே கொடுத்தால் விலை எவ்வளவு?" தவணை விலையும் முழு விலையும் வேறுபட்டால், அந்த வேறுபாடுதான் வட்டி.

தவணையாக மாற்றாமல், கடன் அட்டையில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் செலுத்திக்கொண்டு போவது இதனினும் கடுமையானது. பல அட்டைகளில் மாதம் 3.5 விழுக்காடு வரை, அதாவது ஆண்டுக்கு 42 விழுக்காடு வரை வட்டி உண்டு. மேலும் நிலுவை இருக்கும் வரை, புதிதாக வாங்கும் பொருள்களுக்கும் வட்டியில்லாக் காலம் கிடைக்காது. அடுத்த நாள் வாங்கும் பாலுக்கும் பருப்புக்கும்கூட அன்றே வட்டி ஓடத் தொடங்கும். ஒரு சென்ட் புட்டியால் மளிகைக்கு வட்டி கட்டும் நிலை வரக்கூடும் என்பதை வாடிக்கையாளர்கள் பலர் அறிவதில்லை.

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். தவணையில் வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுத்தால் தவணை தானாக நின்றுவிடும் என்று எண்ணக் கூடாது. கடைக்காரர் பணத்தைத் திருப்பி அனுப்பிய பின், தவணையை நீக்குமாறு வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். செலுத்திய செயலாக்கக் கட்டணம் பெரும்பாலும் திரும்ப வராது.

கடைக்குப் புறப்படும் முன் செய்யத்தக்க ஓர் எளிய ஏற்பாடு உண்டு. 2020 முதல் எல்லா வங்கிகளும் அட்டையின் பயன்பாட்டை வாடிக்கையாளரே நிறுத்தவும், செலவு வரம்பை நிர்ணயிக்கவும் வசதி செய்து தந்துள்ளன. 5,000 ரூபாய் வரை கடவு எண் இல்லாமல், அட்டையைத் தொட்டாலே பணம் போய்விடும் வசதியையும் விரும்பினால் நிறுத்தி வைக்கலாம். வங்கிச் செயலியில் அன்றைய வரம்பை 3,000 ரூபாயாக வைத்துவிட்டுச் செல்லுங்கள். மாற்ற வேண்டுமானால் ஒரு நிமிடத்தில் மாற்றலாமே, அதனால் என்ன பயன் என்று கேட்கலாம். கடையில் நமக்குத் தேவைப்படுவது அந்த ஒரு நிமிடம்தான்.

பெட்டியில் பார்க்க வேண்டியவை

சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருள்கள்) விதிகள் 2011-இன்படி, பெட்டியில் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயர், முகவரி, நிகர அளவு, மாதமும் ஆண்டும், எல்லா வரிகளும் உள்ளடங்கிய அதிகபட்ச சில்லறை விலை, குறை தெரிவிக்கும் தொடர்பு ஆகியவை இருக்க வேண்டும். அண்மைத் திருத்தங்களின்படி, ஒரு மில்லிக்கு என்ன விலை என்னும் அலகு விலையையும் அச்சிட வேண்டும்; நாம் மேலே போட்ட வகுத்தல் கணக்கைப் பெட்டியே போட்டுத் தருகிறது. அதிகபட்ச விலைக்கு மேல் வரி என்று எதையும் சேர்க்க இயலாது. வெளிநாட்டுப் புட்டியில் இந்திய இறக்குமதியாளரின் ஒட்டுச் சீட்டு இல்லையென்றால், அது முறையான வழியில் வந்ததன்று என்று கொள்ளலாம். பெட்டியின் அடியில் உள்ள தொகுதி எண்ணும் புட்டியின் அடியில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். மாதிரிக்கு வைத்த புட்டியைக் குறைந்த விலைக்குத் தருவதாகச் சொன்னால், அது விற்பனைக்குரியதன்று என்பதை நினைவிற்கொள்க.

விலைச்சீட்டைக் கேட்டு வாங்குவது இன்றியமையாதது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், விலைச்சீட்டு தராமையையும், குறையுள்ள பொருளைச் சீட்டில் கண்ட காலத்துக்குள், காலம் குறிக்கப்படாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதையும் முறையற்ற வணிகச் செயல் என்கிறது. அழுத்தும் குழாய் வேலை செய்யவில்லை, புட்டி கசிகிறது, போலி என்றால் இச்சட்டம் துணை நிற்கும். "வீட்டுக்குப் போனதும் மணம் பிடிக்கவில்லை" என்பது குறையாகாது. உறை பிரித்த சென்ட்டை அந்தக் காரணத்துக்காகத் திரும்பப் பெறக் கடைக்குக் கடமையில்லை. மணம் பார்க்கும் நாளைத் தனியே வைத்துக்கொள்ளச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

முறையீடு இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். தமிழிலும் கன்னடத்திலும் பேசலாம். மாவட்ட ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. கடை எங்கிருந்தாலும், நாம் வசிக்கும் இடத்தில் உள்ள ஆணையத்திலேயே வழக்கிடலாம். சொந்த ஊருக்குச் சென்றபோது சென்னையில் வாங்கிய பொருளுக்குப் பெங்களூருவிலேயே முறையிட முடியும் என்பது நம் வாசகர்களுக்குப் பயன்படக்கூடிய செய்தி.

சிறிதளவில் வாங்குவோர்

நாம் கூறும் பொறுமை புதிய முறையன்று. அத்தர்க் கடைகளில் இது பழைய வழக்கம். உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜ் நகரில் செம்புக் கலத்தில் பூவை வேகவைத்து, அதன் ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்கி அத்தர் செய்வது மரபு. சந்தனத்தின் விலை ஏறியதால் இன்று பல அத்தர்களில் வேறு எண்ணெய்களே அடிப்படையாக உள்ளன. விலை மிகக் குறைவாக இருந்தால் அதுவே காரணம். பெங்களூருவின் சிவாஜிநகரிலும் சென்னையின் திருவல்லிக்கேணியிலும் உள்ள கடைகளில் 3 மில்லி, 6 மில்லி, 12 மில்லி எனச் சிறு குப்பிகளில் தருவார்கள். ஆல்கஹால் இல்லாததால் காற்றில் மிகப் பரவாது; அருகில் இருப்பவருக்கு மட்டுமே தெரியும். குளிரூட்டப்பட்ட அலுவலகத்தில், வரிசையாக மேசைகள் உள்ள கூடத்தில், பக்கத்து இருக்கைக்காரருக்கு ஆஸ்துமாவோ ஒற்றைத் தலைவலியோ இருக்கலாம் என்பதை எண்ணும்போது இதுவும் ஒரு நன்மையே.

பெரிய நிறுவனங்களின் சென்ட்டுகளும் 5, 10 மில்லி அளவுகளில் கிடைக்கின்றன. மில்லிக்கு விலை கூடுதல்தான். ஆயினும் 600 ரூபாய் கொடுத்துப் பதினைந்து நாள் பூசிப் பார்த்து, வேண்டாம் என்று முடிவெடுப்பவர், 8,500 ரூபாய் கொடுத்துவிட்டு அந்த முடிவுக்கு வருபவரை விடச் சிக்கனமானவர். பிறருக்குப் பரிசளிக்கும்போது இந்த வழி இன்னும் பொருந்தும். தந்தையின் தோலில் எந்த மணம் எப்படி நிற்கும் என்பது நமக்குத் தெரியாது. மூன்று சிறு குப்பிகளைக் கொடுத்து, "எது பிடித்திருக்கிறது என்று சொல்லுங்கள் அப்பா, பெரியதாக வாங்கித் தருகிறேன்" என்று சொல்லலாம். அவர் ஒரு மாதம் கழித்து, "எனக்குச் சந்தனமே போதும்" என்று சொன்னாலும் சொல்வார்.

வாங்கிய பின் சில குறிப்புகள். குளியலறையில் வைக்க வேண்டாம்; அங்குள்ள ஈரமும் வெப்பமும் மணத்தைக் கெடுக்கும். நண்பகலில் வெயிலில் நிற்கும் காரில் வைக்கவே கூடாது, உள்ளே இருப்பது எரியக்கூடிய ஆல்கஹால். பட்டுச் சேலையின் மீது நேராகத் தெளித்தால் கறை படியும், முத்து மாலையின் பளபளப்பு மங்கும். முதலில் சென்ட், அது உலர்ந்த பின் பட்டும் முத்தும். பெட்டியைப் பத்திரமாக வைத்திருங்கள். விலைச்சீட்டை அதற்குள்ளேயே மடித்து வைத்துவிட்டால் தேடும் வேலை மிஞ்சும்.